தமிழில் ஒரே ‘பிடி’, ஆங்கிலத்தில் எத்தனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ப்ளஸ் டூ பிள்ளைகள், பேங்க் தேர்வுக்குப் படிப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் நர்ஸ்கள், ஒன்றிரண்டு மெக்கானிக்குகள், அமெரிக்காவில் பிறந்த பேரனோடு பேச ஆசைப்படும் தாத்தாக்கள் என்று பலரும் வருகிறார்கள். யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் ‘பிடி’ என்ற சொல்லில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை அவரவர் கேட்ட வாக்கிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் உச்சரிப்பு குழம்பலாம். க்ரிப், க்ராஸ்ப், க்ராப் மூன்றையும் ‘கங்கை’யின் முதல் எழுத்துப்போலச் சொல்லுங்கள். க்ளிங், க்ளட்ச், க்ளென்ச், க்ளாஸ்ப் நான்குக்கும் ‘கல்’லில் வரும் க. மாற்றிச் சொன்னால் க்ராப் நண்டாகிவிடும்.

“பிடின்னா இங்கிலீஷ்ல கேட்ச்தானே சார்? ‘கேட்ச் திஸ் பேக்’னு சொன்னா ஏன் சிரிக்கிறாங்க?”

ஓடுவது, பறப்பது, விழுவது, தப்பிக்கப் பார்ப்பது, இவற்றைப் பிடித்தால்தான் கேட்ச். பந்து, பஸ், திருடன், மீன். அதோடு அது ஒரு நொடிக் காரியம். பந்து கைக்குள் வந்ததும் கேட்ச் முடிந்தது. அதன் பிறகு கையில் இருக்கிறதே, அந்த நிலைக்குப் பெயர் ஹோல்ட். ‘கேட்ச் திஸ் பேக்’ என்றால் நீங்கள் பையை வீசப் போகிறீர்கள் என்று எதிராளி இரண்டு கையையும் நீட்டுவார். சும்மா வைத்திருக்கச் சொல்ல ‘ஹோல்ட் திஸ் பேக்’ போதும்.

மாதிரிப் பேட்டியில் ஒரு நர்ஸ் மாணவி, பயந்துபோன நோயாளிக்கு ஆறுதலாகக் கையைப் பிடித்ததைச் சொல்ல வந்து, கேட்சின் இறந்தகாலமான ‘காட்’டைப் போட்டார். கேட்பவருக்கு அந்த நோயாளி ஊசிக்குப் பயந்து ஓடியதாகவும் இவர் துரத்திப் போய்ப் பிடித்ததாகவும் தோன்றும். ‘ஐ ஹெல்ட் ஹிஸ் ஹேண்ட்’ என்றால்தான் ஆறுதல்.

“ஹோல்ட், கீப் ரெண்டுமே ‘வச்சுக்கோ’தானே?”

பை உங்கள் கையில் இருக்கும்வரை ஹோல்ட். கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பொறுப்பில் இருந்தால் கீப். கடைக்காரரிடம் ‘ஹோல்ட் தி சேஞ்ச்’ என்றால் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கச் சொல்கிறீர்கள். ‘கீப் தி சேஞ்ச்’ என்றால் அது அவருக்கே.

ஆனால் பழங்காலத்தில் இந்த எல்லை இவ்வளவு கறாராக இல்லை. ஹோல்டின் மூலச்சொல்லுக்குக் காத்தல், கால்நடை மேய்த்தல் என்ற பொருள்தான் முதலில் இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலார் கருத்து. மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டா மேய்ப்பார்கள்?

“இணைச்சொல் பட்டியல்ல ஹோல்ட், க்ரிப், க்ராஸ்ப், க்ளட்ச், க்ளிங் எல்லாம் ஒரே வரியில இருக்கு. எதை வேணா எழுதலாமா?”

கூடாது. இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான பதில், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தமிழில் நாம் வினையை மாற்றுவதில்லை. ‘பிடி’யை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் ஒரு சொல்லை ஏற்றுகிறோம்: கப்புனு பிடிச்சான், கெட்டியாப் பிடிச்சான், நெஞ்சோடு சேர்த்துப் பிடிச்சான், விடாமப் பிடிச்சான். ஆங்கிலம் அந்த முன்சொல்லை வினைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. கப்புனு பிடித்தால் க்ராப். வெடுக்கென்று பிடுங்கினால் ஸ்னாட்ச். வழுக்காதபடி விரல்களை இறுக்கினால் க்ரிப். பயத்திலோ பதற்றத்திலோ இறுக்கினால் க்ளட்ச். உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொண்டால் க்ளிங். கைக்குள் முழுசாக அடங்கும்படி உறுதியாகப் பற்றினால் க்ராஸ்ப். இரண்டு கையையும் கோத்துக்கொண்டால் க்ளாஸ்ப்.

ஆகவே சொல்லைத் தேடும் முன் தமிழ் வாக்கியத்தில் ‘பிடி’க்கு முன்னால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசியுங்கள். ‘கெட்டியா’ வந்தால் ஒரு வினை, ‘கப்புனு’ வந்தால் வேறு வினை. முன்னால் ஒன்றுமே வராவிட்டால் ஹோல்ட். பாதி இடங்களில் ஹோல்ட் போதும். பெரிய சொல்லாகப் போட்டால் மார்க் கிடைக்கும் என்று எல்லா இடத்திலும் க்ளட்ச் போடுபவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

“ஒரே காட்சியில எல்லாத்தையும் காட்ட முடியுமா சார்?”

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் காலை எட்டரைக்கு ஏறுங்கள். காவிரிப் பாலத்துக்கு முன்னால் டிரைவர் ஒரு பிரேக் போடுவார், எல்லாம் கிடைத்துவிடும். கண்டக்டர் ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் சொருகியிருக்கிறார், வாயில் விசில். அவருக்கு அது பழக்கம், நோட்டு விழுமோ என்ற கவலை இல்லை. அது ஹோல்ட். மேல்கம்பியைப் பிடித்து நிற்கும் கல்லூரிப் பையன் வளைவு வரும்போது விரல்களை இறுக்குகிறான். அது க்ரிப். ஜன்னலோரத்து அம்மாவின் மடியில் நகைக்கடைப் பை. பக்கத்தில் யாராவது நகர்ந்தால் பையை வயிற்றோடு அழுத்திக்கொள்கிறார். அது க்ளட்ச். அவர் முந்தானையை விடாமல் நிற்கும் நான்கு வயசுக் குழந்தை செய்வது க்ளிங். பிரேக் அடித்ததும் பின்னால் நின்ற பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கையில் அகப்பட்டதைப் பிடிக்கிறாரே, அது என் தோளாகவே இருந்தாலும் அதற்குப் பெயர் க்ராப்.

இதில் க்ரிப்பும் க்ளட்ச்சும்தான் அதிகம் குழப்புபவை. விரலின் இறுக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். க்ரிப்பில் கவனம் கையின் பலத்தில். க்ளட்ச்சில் கவனம் ‘போய்விடுமோ’ என்ற மனதில். கையைப் படம் எடுத்தால் வித்தியாசம் தெரியாது, முகத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

“இந்தச் சொல்லெல்லாம் க்ர, க்ள-ன்னே ஆரம்பிக்குதே. தற்செயலா?”

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். க்ரிப், க்ராப், க்ராஸ்ப், மல்லுக்கட்டும் க்ராப்பிள், இருட்டில் தடவித் தேடும் க்ரோப் ஒரு கூட்டம். க்ளிங், க்ளட்ச், க்ளென்ச், க்ளாஸ்ப், க்ளாம்ப், க்ளிப் இன்னொரு கூட்டம். சில ஒலிச்சேர்க்கைகள் ஒரே மாதிரிப் பொருளுள்ள சொற்களில் திரும்பத் திரும்ப வருவதை மொழியியலில் தனியாகவே ஆராய்கிறார்கள். ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1930இல் இதற்கு ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயர் வைத்தார்.

ஒரு பகுதி உறவு, ஒரு பகுதி ஒலியின் ஈர்ப்பு. க்ரிப்பும் க்ரோப்பும் உண்மையிலேயே ஒரே குடும்பம். மற்றவற்றில் சில ஒன்றையொன்று பார்த்து அருகில் வந்து உட்கார்ந்தவை. இதை விதியாக எடுத்துக்கொண்டு க்ரீனுக்கும் க்ளீனுக்கும் பிடிப்பைத் தேடாதீர்கள்.

“மத்ததெல்லாம் நேரா பொருளைச் சொல்லுது, க்ளிங் மட்டும் ஏன் நடுவுல ‘டு’ கேட்குது?”

க்ரிப் தி ராட், க்ளட்ச் தி பேக், ஆனால் க்ளிங் டு தி மதர். மற்ற வினைகளில் ஒருவர் ஒரு பொருளைத் தன் வசம் கொண்டுவருகிறார். க்ளிங்கில் பொருள் அசைவதில்லை, பிடிப்பவர்தான் போய் ஒட்டிக்கொள்கிறார். எங்கே போய் ஒட்டுகிறார் என்று காட்ட அந்த ‘டு’. தமிழிலும் ‘சேலையைப் பிடித்தான்’ என்கிறோம், ஆனால் ‘சுவரோடு ஒட்டிக்கொண்டது’ என்று வேற்றுமையை மாற்றுகிறோம் அல்லவா? அதே கதைதான்.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் யாரையாவது கேட்டால் இதைவிட நல்ல உதாரணம் தருவார்கள். வைணவத்தில் வடகலையார் மர்க்கட நியாயம் சொல்வார்கள்: குரங்குக்குட்டி தானே தாயின் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாய் கிளைக்குக் கிளை தாவும், பிடியை விட்டால் குட்டி பாடு ஆபத்து. தென்கலையார் மார்ஜார நியாயம் சொல்வார்கள்: பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா தொங்கினால் போதும். குரங்குக்குட்டி செய்வது க்ளிங். பூனை செய்வது ஹோல்ட். பூனைக்குட்டிக்குப் பிடிக்கிற வேலையே இல்லை. வகுப்பில் இதைச் சொன்ன பிறகு ‘டு’ போட யாரும் மறந்ததில்லை.

“க்ளிங், க்ளாங், க்ளங் சரியா? சிங், சாங், சங் மாதிரி?”

நடுவில் இருக்கும் க்ளாங் தப்பு. க்ளாங் என்றால் இரும்பு இரும்பில் மோதும் சத்தம். க்ளிங், க்ளங், க்ளங். ஹோல்ட், ஹெல்ட், ஹெல்ட். க்ரிப்புக்கும் க்ராப்புக்கும் கடைசி எழுத்தை இரட்டித்து ‘எட்’ சேர்க்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் சாதுவானவை, வெறும் ‘எட்’. ஹேங் மட்டும் பார்த்து: சட்டையைத் தொங்கவிட்டால் ஹங், ஒருவரைத் தூக்கில் போட்டால் ஹேங்ட்.

“சார், பைக்ல க்ளட்ச்சைப் பிடிச்சாத்தான் வண்டி ஃப்ரீ ஆகுது. அப்ப க்ளட்ச்னா பிடிக்கிறதா, விடுறதா?”

இதைக் கேட்டவர் ஒரு மெக்கானிக். கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. நீங்கள் லீவரைத் தொடாதபோது உள்ளே ஸ்பிரிங்குகள் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியால்தான் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. லீவரை அழுத்தினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் நீங்கித் தட்டுகள் தளர்கின்றன. ஆக, உங்கள் கை க்ளட்ச்சைப் பிடிக்கும்போது க்ளட்ச் எஞ்சினை விடுகிறது. கை விட்டால் அது பிடிக்கிறது. பெயர் அந்தத் தட்டுகள் செய்யும் வேலைக்கு வைத்தது, நம் கை செய்யும் வேலைக்கு அல்ல.

பெண்கள் கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் வார் இல்லாத சின்னப் பைக்கும் க்ளட்ச் என்றே பெயர். தோளில் மாட்ட முடியாது, பிடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் ‘க்ளட்ச் ஆஃப் எக்ஸ்’ என்று ஓர் அடை முட்டைகளைச் சொல்வார்களே, அது வேறு. குஞ்சு பொரித்தல் என்று பொருள்படும் வட ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்றாகப் போனது அதன் விதி.

“க்ளென்ச்சையும் க்ளிஞ்ச்சையும் மாத்தி எழுதிட்டேன். ஒரே மார்க் போச்சு.”

க்ளென்ச் பெரும்பாலும் உங்கள் உடம்புக்கு நீங்களே செய்வது. பல்லைக் கடித்தல், முஷ்டியை மடக்குதல், தாடையை இறுக்குதல். வலியை அடக்கும்போதும் கோபத்தை விழுங்கும்போதும் இந்த வினைதான். (நர்ஸ்களுக்கு: ரத்தம் எடுக்கும்போது நோயாளியிடம் ‘மேக் எ ஃபிஸ்ட்’ என்பதுதான் வழக்கம். ‘க்ளென்ச்’ என்றால் கொஞ்சம் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.)

க்ளிஞ்ச் அதன் உடன்பிறப்பு, வளர்ந்த இடம் வேறு. பலகையின் மறுபக்கம் வெளியே வந்த ஆணி முனையை மடக்கி அடிப்பதற்கு க்ளிஞ்ச் என்று பெயர். அப்படி அடித்த பிறகு ஆணி திரும்பி வராது. அதிலிருந்து பேரத்தை முடிப்பது, தொடரைக் கைப்பற்றுவது எல்லாம் வந்தன. கிரிக்கெட் தலைப்புகளில் பார்த்திருப்பீர்கள்.

“பைனான்ஸ்காரங்க வண்டியை ஸீஸ் பண்ணிட்டாங்க, எஞ்சின் ஸீஸ் ஆயிடுச்சு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஸீஷர் வந்துச்சு. எல்லாம் ஒண்ணா?”

ஒன்றேதான். பழைய பிரெஞ்சுச் சட்டச் சொல் அது. ஒரு நிலத்தை ஒருவர் கைவசம் சட்டப்படி ஒப்படைப்பதைக் குறித்தது. அந்த அதிகார வாசனை இன்னும் போகவில்லை. அதனால்தான் போலீஸும் கஸ்டம்ஸும் பொருளை ஸீஸ் செய்கின்றன, குழந்தை பொம்மையை க்ராப் செய்கிறது. எண்ணெய் வற்றிப்போன எஞ்சினில் சூடேறி விரிந்த பிஸ்டன் சிலிண்டரை இறுகப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. வலிப்பில் ஏதோ ஒன்று உடம்பைப் பிடித்து ஆட்டுவதாகப் பழங்காலத்தார் நினைத்தார்கள். நம் ஊரிலும் ‘காக்காய் வலிப்பு பிடிச்சுக்கிச்சு’ என்றுதானே சொல்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள். எழுத்தில் ‘ஈ’ முன்னால், ‘ஐ’ பின்னால். பள்ளியில் படித்த விதிக்கு நேர்மாறு. உச்சரிப்பில் கடைசி ஒலி வண்டு ரீங்காரம்போல அதிர வேண்டும். அதிராமல் சொன்னால் அது நிறுத்து என்று பொருள்படும் வேறு சொல். போர்நிறுத்தத்தைச் சொல்லும் ‘ஸீஸ்ஃபயர்’ அதிராத சொல்லிலிருந்து வந்தது. அதிரச் சொன்னால் நெருப்பைப் பறிமுதல் செய்தாகிவிடும்.

“க்ராப், ஸ்னாட்ச், ஸீஸ் எல்லாத்துக்கும் வேகம்தானே பொது? எப்படிப் பிரிக்கிறது?”

வினைக்குப் பின்னால் ‘பத்து நிமிஷமாக’ என்று சேர்த்துப் பாருங்கள். பத்து நிமிஷமாகக் கம்பியைப் பிடித்திருந்தார்: சரி, ஆகவே ஹோல்ட், க்ரிப், க்ளட்ச், க்ளிங் ஒரு பக்கம். பத்து நிமிஷமாக வெடுக்கெனப் பிடுங்கினார்: அபத்தம், ஆகவே ஸ்னாட்ச், க்ராப், ஸீஸ், கேட்ச் மறுபக்கம். இந்தச் சோதனை தேர்வு அறையிலும் உதவும்.

இந்தப் பக்கத்துச் சொற்களுக்குள் ஸ்னாட்சில் எப்போதும் இன்னொருவரிடமிருந்தோ ஓரிடத்திலிருந்தோ பறிபடுகிறது. செய்தித்தாளில் செயின் பறிப்புக்கு ஸ்னாட்சிங் என்று வருவது அதனால்தான். பளுதூக்குதலில் கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் பிரிவுக்கும் ஸ்னாட்ச் என்றுதான் பெயர், தரையிடமிருந்து பறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். க்ராப் முரட்டுத்தனமானது என்றாலும் நட்பானது. ‘க்ராப் எ காபி’ என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

“‘க்ளட்ச்’னு ஒரு இடத்துல, ‘க்ளட்ச் அட்’னு ஒரு இடத்துல வருது. அந்த ‘அட்’ எதுக்கு?”

அந்த ‘அட்’ வந்தால் கை நீண்டது, ஆனால் பொருள் கிடைத்ததா என்பது உறுதியில்லை. ‘ஹி க்ளட்ச்ட் தி ப்ராஞ்ச்’ என்றால் கிளை கையில் இருக்கிறது, ஆள் பிழைத்தான். ‘ஹி க்ளட்ச்ட் அட் தி ப்ராஞ்ச்’ என்றால் கிளையைப் பிடிக்கப் பார்த்தான். மிச்சத்தை அடுத்த வாக்கியத்தில் தேடுங்கள். க்ராஸ்ப், க்ராப், ஸ்னாட்ச் மூன்றுக்கும் இதே கணக்கு. ஆற்றில் போகிறவன் துரும்பைப் பற்றுவதைச் சொல்லும் ஆங்கிலப் பழமொழியிலும் ‘அட்’ இருக்கிறது. துரும்பு ஆளைத் தாங்காது என்பது அந்த இரண்டெழுத்துச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு முன்னிடைச்சொல் ‘பை’. ‘சட்டையைப் பிடித்து இழுத்தான்’ என்பதை அப்படியே மாற்றினால் சட்டை மட்டும்தான் வரும், ஆள் வரமாட்டான். ‘க்ராப்ட் ஹிம் பை தி காலர்’: முதலில் ஆள், பிறகு பிடித்த இடம்.

“ஹோல்ட் ஆனும் ஹேங் ஆனும் போன்ல ஒண்ணாத்தான் இருக்கு. வேற இடத்துல?”

போனில் ஒன்றுதான், ஹேங் ஆன் கொஞ்சம் பேச்சுவழக்கு. ஹேங் அப் என்று சொல்லிவிடாதீர்கள், எதிராளி வைத்துவிடுவார். மற்ற இடங்களில் ஹேங் ஆனில் தொங்கலும் சிரமமும் தெரியும். ஜல்லிக்கட்டில் வீரர் திமிலை மட்டும்தான் பிடிக்கலாம், வாலையோ கொம்பையோ தொடக்கூடாது. பாய்ந்து திமிலில் கை போடுவது க்ராப். அதற்குப் பிறகு மாடு துள்ளத் துள்ள விடாமல் தொற்றிக்கொண்டு போகிறாரே, அது ஹேங் ஆன். ஆங்கிலப் பத்திரிகைகள் மாடுபிடி வீரரை ‘டேமர்’ என்று எழுதுகின்றன. அடக்குபவர் என்று பொருள். நம் சொல்லில் பிடிப்பது மட்டும்தான் இருக்கிறது, அடக்கியதாக நாம் பெருமை பேசவில்லை. எனக்கு நம் சொல்தான் நேர்மையாகப் படுகிறது.

“ஹோல்ட் டைட்டா, ஹோல்ட் டைட்லியா?”

ஹோல்டுக்குப் பின்னால் வாக்கியம் முடிந்தால் டைட் போதும். அந்தக் காலத்து லண்டன் பஸ் கண்டக்டர்கள் மணி அடித்துவிட்டு ‘ஹோல்ட் டைட் ப்ளீஸ்’ என்பார்கள், நம் ஊர் ‘கம்பியைப் பிடிச்சுக்கங்க’தான். வினை வடிவத்துக்கு முன்னால் வந்தால் டைட்லி: ‘டைட்லி ஹெல்ட்’. க்ரிப்போடு டைட்லி போடுவது தப்பில்லை, ஆனால் இறுக்கம் வினைக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் தேவையில்லை. பஸ் கேள்விக்கு முந்தைய பதிலைப் பாருங்கள்.

“‘ஹோல்ட் ஃபாஸ்ட்’னா வேகமாப் பிடின்னு எழுதினேன். தப்புன்னுட்டாங்க.”

வீடு கட்டியிருக்கிறீர்களா? வாசக்கால் நிற்க வைக்கும்போது நிலையின் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பட்டையைத் திருகி, அதன் மறுமுனையைச் சுவருக்குள் விட்டு கான்கிரீட் போட்டு அடைப்பார்கள். முனை மீன்வால்போலப் பிளந்திருக்கும், கான்கிரீட் இறுகிய பிறகு வெளியே வராது. அதற்கு ஹார்டுவேர் கடையில் பெயர் ஹோல்ட்ஃபாஸ்ட். கொத்தனார், தச்சர், எஞ்சினியர் எல்லோரும் சொல்வது அதுதான். அந்தப் பட்டை எங்கே வேகமாகப் போகிறது?

ஃபாஸ்டுக்கு அசையாத, உறுதியான என்பதே மூத்த பொருள். வேகம் பிறகு வந்தது. ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் அசையாத தூக்கம், சாயம் போகாத துணிக்கு ‘ஃபாஸ்ட் கலர்’. பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் சிலர் இரண்டு கை முட்டிகளிலும் விரலுக்கு ஓர் எழுத்தாக இந்த இரண்டு சொற்களையும் பச்சை குத்திக்கொண்டார்கள். நான்கும் நான்கும் எட்டு எழுத்து, எட்டு விரல். புயலில் கயிறு கைநழுவாது என்று நம்பிக்கை.

“‘எனக்கு க்ராமர் பிடிபடல’ன்னு இங்கிலீஷ்ல எப்படி?”

‘ஐ குடன்ட் க்ராஸ்ப் இட்’. இது மொழிபெயர்ப்பு மாதிரியே இல்லாமல் பொருந்திப் போகும் அபூர்வ இடம். கையால் பிடிப்பதும் மனதால் பிடிப்பதும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒன்றாகவே தோன்றியிருக்கின்றன. லத்தீனிலும் அப்படித்தான். ‘ப்ரெஹெண்டெரே’ என்றால் பிடி. அதிலிருந்து புரிந்துகொள்ளும் காம்ப்ரிஹெண்டும் வந்தது, குற்றவாளியைப் பிடிக்கும் அப்ரிஹெண்டும் வந்தது, பிடித்துப் போடும் ப்ரிஸனும் வந்தது. நமக்கும் பாடம் பிடிபடும், திருடனும் பிடிபடுவான்.

ஆனால் க்ரிப்பை இந்த இடத்தில் போடாதீர்கள். ‘கெட் எ க்ரிப்’ என்று ஒருவரிடம் சொன்னால் ‘அழுவதை நிறுத்து, நிதானத்துக்கு வா’ என்று அதட்டுவதாகும்.

“மெயின்டெய்ன், கன்டெய்ன், ரிடெய்ன், டிடெய்ன். இந்த ‘டெய்ன்’லயும் பிடி இருக்கா?”

இருக்கிறது. லத்தீனில் ‘தெனேரே’, அதுவும் பிடித்தல்தான். கன்டெய்ன் சேர்த்துப் பிடிப்பது, ரிடெய்ன் திரும்பப் போகாமல் பிடிப்பது, டிடெய்ன் போகவிடாமல் பிடித்து வைப்பது. மெயின்டெய்னில் ‘மானு’ என்ற கை சேர்ந்திருக்கிறது, கையில் பிடித்திருப்பது என்று பொருள். அடுக்குமாடியில் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கேட்டு ஒருவர் கை நீட்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பிடித்திருக்கும் குடித்தனக்காரர் டெனன்ட். மேலதிகாரியின் இடத்தைப் பிடித்திருப்பவர் லெஃப்டினன்ட். பிரெஞ்சில் ‘ல்யூ’ என்றால் இடம். பந்தை அடிக்கும் முன் பிரெஞ்சுக்காரர்கள் ‘தெனே’, அதாவது ‘இந்தா பிடி’ என்று கூவியதிலிருந்து டென்னிஸ் வந்தது என்பது அகராதிகள் பலவும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம்.

“ஒருத்தரைப் பாராட்டி ‘உடும்புப் பிடி’ங்கிறோம், திட்டி ‘குரங்குப் பிடி’ங்கிறோம். இங்கிலீஷ்ல?”

பிடியை வைத்துப் பாராட்டுவதும் திட்டுவதும் அங்கேயும் உண்டு. அதே தெனேரேயிலிருந்து வந்த டெனேஷியஸ் பாராட்டு. க்ளிங்கி என்றால் புகார், எந்நேரமும் ஒட்டிக்கொண்டு மூச்சுமுட்ட வைக்கும் காதலனையோ காதலியையோ சொல்வது. ஸ்டபர்ன் வெறும் பிடிவாதம். உடும்புப் பிடிக்கு நேர் உவமை ‘வைஸ் லைக் க்ரிப்’. பட்டறையில் இரும்பைக் கவ்வி நிறுத்தும் பெஞ்ச் வைஸ்தான் அந்த வைஸ். கடலோரப் பாறையில் ஒட்டிக்கொள்ளும் லிம்பெட் என்ற கடல் நத்தையையும் சொல்வார்கள். இங்கிலாந்துக் கடற்கரைக்காரனுக்கு உடும்பைத் தெரியாது, லிம்பெட்டைத் தெரியும்.

“பைபிள் இங்கிலீஷ்ல ‘க்ளீவ்’னு வருது. டிக்‌ஷனரியில பிளத்தல்னு போட்டிருக்கு. கல்யாண வசனத்துல பிளக்கிறதா?”

1611இல் வந்த ஆங்கில பைபிளில், ஆதியாகமம் 2:24இல் புருஷன் மனைவியோடு க்ளீவ் ஆவான் என்று வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘இசைந்திருப்பான்’. பிளப்பது என்ற க்ளீவும் ஒட்டிக்கொள்வது என்ற க்ளீவும் பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனிச்சொற்கள். காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒன்றாகிவிட்டன. கறிக்கடையில் எலும்பு வெட்டும் அகலக் கத்தி க்ளீவர், முதல் க்ளீவின் பிள்ளை. அடையாளம் எளிது: ஒட்டுகிற க்ளீவ், க்ளிங்கைப் போலவே ‘டு’ கேட்கும் (பைபிளில் பழைய வடிவமான ‘அன்டு’). பிளக்கிற க்ளீவ் கேட்காது. இன்றைய பேச்சில் இரண்டையும் யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, நீங்களும் வேண்டாம்.

“கடைசியா ஒண்ணு. ‘பற்று’க்கு எதை எழுதுறது? க்ளிங்கா, அட்டாச்மென்ட்டா?”

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வேண்டுமென்றேதான் கேட்டார். 350ஆம் குறள், ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று தொடங்குவது, ஒன்றே முக்கால் அடியில் ஆறு முறை பற்றைப் பிடித்திருக்கிறது. 1886இல் குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் க்ளிங்கைத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப அதையே போட்டு ஈடுகொடுத்தார். ஓரிடத்தில் மட்டும் ‘பாண்ட்’ என்று மாற்றினார். ஏன் க்ரிப்போ க்ராஸ்போ இல்லை என்பது குரங்குக்குட்டியை நினைத்தால் விளங்கும்: ஒட்டிக்கொள்பவன் பக்தன், அசையாமல் இருப்பது இறைவன்.

வினையாக வந்தால் க்ளிங் டு, மனநிலையாக வந்தால் அட்டாச்மென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு நோட்டில் வரும் பற்று டெபிட். இலங்கையில் பற்றுச்சீட்டு என்றால் ரசீது, அங்கே ரிசீட் என்றே எழுதுங்கள். அட்டாச்மென்ட்டைப் போடும்போது மட்டும் அக்கம்பக்கம் பார்த்துப் போடுங்கள் என்று சொன்னேன். ஏன் என்றார். கோர்ட் ஆங்கிலத்தில் அட்டாச்மென்ட் என்றால் ஜப்தி. ‘மை அட்டாச்மென்ட் டு தி ஹவுஸ்’ என்றால் வீட்டின் மேல் எனக்குள்ள பாசம், ‘அட்டாச்மென்ட் ஆஃப் தி ஹவுஸ்’ என்றால் வாசலில் அமீனா.